சோற்றோடு புத்தியும் ஊட்டுவது எப்படி

பள்ளியில் நன்னெறிக் கல்வி என்றொரு பாடம் இருக்கிறது. பிள்ளை அதைச் சோதனைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்யும். தாளை ஒப்படைத்ததும் மறந்துவிடும். சாப்பாட்டு மேசை அப்படியல்ல. நாளைக்கு மூன்று வேளை, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட வகுப்பு, விடுமுறை கிடையாது, கற்றது மறக்காது. பாடத்திட்டமோ முழுக்க உங்கள் கையில்.

இடமும் வாய்த்திருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பசியாற வெளியே இறங்கினால் இட்லி, ரொட்டி சானாய், வான்தான் மீ மூன்றும் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்த ஊரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. பழைய கட்டடங்களையும் பல இனத்தார் கலந்து வாழ்வதையும் பார்த்துப் போட்டதாகச் சொல்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் மத்தியானம் எங்கே சாப்பிட்டார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை உங்களுக்குக் கைவந்தவைதான். வரிசை பிசகாமல் செய்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

1. முதல் கவளம் வாய்க்குள் போகட்டும். பிறகு விசாரணையைத் தொடங்குங்கள்.

அதற்கு முன் தொடங்கினால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். வாய் நிறைந்திருக்கும்போது கேளுங்கள்: "கணக்குல எத்தன புள்ளி?" பதில் சொன்னால், "சாப்பிடும்போது பேசாதேன்னு எத்தன தடவ சொல்றது?" சொல்லாவிட்டால், "பெரியவங்க கேட்டா வாயில என்ன கொழுக்கட்டையா?" இரண்டு வாசலும் அடைபட்டதும் பிள்ளை தலையைக் குனிந்து தட்டைப் பார்க்கும். உறவினர் எதிரில் இதையே காட்டி, "எம்புள்ள ரொம்ப அடக்கம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

2. எவ்வளவு பசி என்று மட்டும் கேட்காதீர்கள்.

பசி பிள்ளையின் சொந்த விவகாரம் என்று ஒரு தடவை ஒப்புக்கொண்டால், பிறகு தூக்கம், படிப்பு, கல்யாணம் என்று ஒவ்வொன்றாகச் சொந்தம் கொண்டாட வந்துவிடும். ஆகவே சோற்றை நீங்களே போடுங்கள். குவித்துப் போடுங்கள். தட்டு துடைத்ததுபோல் ஆகும்வரை எழுந்திருக்க விடாதீர்கள்.

இந்த முறைக்கு வரலாற்றுப் பெருமை உண்டு. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் அமைந்த உணவு நிர்வாகம் ஐரோப்பாவுக்குத் தானியம் அனுப்புவதற்காக, தட்டில் மீதி வைக்காதீர்கள் என்று வீடு வீடாகப் பிரசாரம் செய்தது. போர் மறு வருடமே முடிந்துவிட்டது. நம் ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் இன்னும் நடக்கிறது.

ஆராய்ச்சியும் உங்கள் பக்கம்தான். லியன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987-இல் பாலர் வயதுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம் வயிறு சொல்வதைக் கவனிக்கச் சொன்னார்கள். மறு பிரிவிடம் தட்டில் மிச்சம் இருப்பதையும் சாப்பிட்டால் கிடைக்கும் பரிசையும் காட்டினார்கள். முதல் பிரிவினர் முன்னதாகக் கனமாகத் தின்றிருந்தால் சாப்பாட்டில் குறைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அந்த வித்தியாசமே உறைக்கவில்லை. எவ்வளவு நல்ல முடிவு பாருங்கள்: சொந்த வயிற்றின் பேச்சைக் கேட்காத பிள்ளை நாளைக்கு முதலாளி எவ்வளவு வேலையைத் தலையில் கட்டினாலும் போதும் என்று சொல்லாது.

3. காய்கறியைத் தண்டனையாக அறிவியுங்கள். இனிப்பைச் சம்பளமாகக் கொடுங்கள்.

"நாலு வாய் கங்கோங் சாப்பிட்டா ஐஸ்கிரீம்." இந்த ஒரு வாக்கியத்தில் கீரை கசப்பானது, ஐஸ்கிரீம் உயர்ந்தது, எதையும் காசில்லாமல் செய்யக்கூடாது என்ற மூன்று பாடமும் அடங்கிவிடும். இதையும் பர்ச்சே 1984-இல் சோதித்துப் பார்த்தார். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் குடிக்கவைத்த பிள்ளைகளுக்கு நாளடைவில் அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்தது. லஞ்சம் கொடுத்துத் தள்ளப்படும் சரக்கு மட்டமாகத்தான் இருக்கும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் பொருளாதாரப் பட்டம் தேவைப்படவில்லை.

ஆறு வயதில் பிள்ளை பேரத்தைத் தானே தொடங்கும்: "ஐஸ்கிரீம் வேணாம்மா, அரை மணி நேரம் போன் குடுங்க." ஏழு வயதில் முன்பணம் கேட்கும். பெரியவனானதும் எந்த அலுவலக முகப்பில் நின்றாலும் இவனுக்கு வேலை ஆகிவிடும், கவலைப்படாதீர்கள்.

4. அன்பைச் சீனியில் அளந்து போடுங்கள்.

பாட்டி பாசம் காட்டினால் குலோப் ஜாமுன். அப்பா தாமதமாக வந்தால் சாக்லேட். பிள்ளை விழுந்து அடிபட்டால் முதலில் மிட்டாய், பிறகு மருந்து. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தாத்தாவின் இன்சுலின் நிற்கட்டும்; அதற்கு நேர் எதிரே உள்தட்டில் மைசூர்பாகு இருக்கட்டும். கதவைத் திறக்கும் பிள்ளை இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ளும்.

மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரில் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்று இனத்தில் எதிலாவது முதலிடம் வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்டுக்கொண்டிருந்தோம், இதில் கிடைத்திருக்கிறது.

பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சீனியைக் குறையுங்கள் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறது. அதை ஆரம்பத்திலிருந்து நடத்திவந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019 மே மாதம் காலமானார். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி அமலுக்கு வந்தது. 2025-இல் அது 90 காசு ஆகிவிட்டது. நீங்கள் அசரவேண்டாம். கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி "தே தாரேக், கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று சொல்லுங்கள். பிறகு ஜிலேபித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். சுயகட்டுப்பாடு எப்படி இருக்கும் என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

5. பசியின் அருமையை உணர்த்த ஜப்பான்காரனைக் கூப்பிடுங்கள்.

1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. சில நாளில் ஜப்பானியப் படை ஊருக்குள் வந்துவிட்டது. அடுத்த மூன்றரை ஆண்டு அரிசிக்கு அலைந்த சனம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. அந்தக் கதை வீட்டில் இருக்கும் கிழவிக்குச் சொந்தம். எதற்காகச் சொல்கிறாள் என்று கேட்காதீர்கள். அவள் தன் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "அப்புறம் பாத்துக்கலாம் ஆயா" என்று நிறுத்திவிட்டு, கிழங்கு வரும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மகன் தலையில் போடுங்கள்: "ஆயா காலத்துல வெறும் கிழங்குதான். ஒனக்கு மீன் வறுவல் புடிக்கலையா?"

இதைச் சொல்லும்போது உங்கள் கையில் பத்து வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய பபிள் டீ இருந்தால் நல்லது. அடியில் கிடக்கும் கறுப்பு முத்துகளும் அதே மரவள்ளி மாவுதான். சொல்லிவிடாதீர்கள், கிழவி சிரித்துவிடுவாள்.

6. மேசையில் கைப்பேசி கூடாது என்று சட்டம் போடுங்கள்.

உங்களுடையது வேலை விஷயம்.

7. உண்மை பேசும் பழக்கத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கற்பியுங்கள்.

இந்தப் படிக்குக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம் என்பது உறுதியாக இருக்கவேண்டும். புரட்டாசி மாதமாக இருந்தால் இன்னும் விசேஷம். மகனை டியூசனிலிருந்து அழைத்துவரும் வழியில் காரை ஓரம் கட்டுங்கள். "பசிக்குதாய்யா?" என்று கேளுங்கள். (இரண்டாம் படியில் கேட்கக்கூடாது என்ற கேள்விதான். உங்களுக்குப் பசிக்கும்போது கேட்கலாம்.)

பினாங்கில் நாசி கண்டாருக்கு மயங்காதவர் கிடையாது. தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு போட்டு, ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியுமாகத் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சுமந்து விற்ற சாப்பாடு இது. காம்பெல் ஸ்திரீட்டில் இருக்கும் ஹமீதியா கடை 1907-இல் தொடங்கியது. நூறு ஆண்டுக்கு மேலான மரபின் முன் ஒரு வெள்ளிக்கிழமை எம்மாத்திரம்?

வரிசையில் நில்லுங்கள். கரண்டிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். கோழி, கணவாய், வெண்டைக்காய், ஒரு அவித்த முட்டை. பிறகு "பாஞ்ஜிர்" (வெள்ளம்) என்று சொல்லுங்கள். மீன் குழம்பை ஊற்றி, அதன் மேல் கோழிக் குழம்பை ஊற்றி, அதன் மேல் கறுப்பாக ஒன்றை ஊற்றி, கடைசியில் ஏற்கனவே ஊற்றியதையே இன்னொரு தடவை ஊற்றுவார். சோறு மூழ்கி, முட்டையின் முதுகு மட்டும் வெளியே தெரியவேண்டும். பையன் கண் விரியும். அந்த நேரம் பார்த்து, மெதுவான குரலில் சொல்லுங்கள்: "அம்மாகிட்ட சொல்லிடாதே."

சாப்பிட்டு முடித்தபின் தடயத்தை அழிக்கும் முறையையும் அவனுக்குக் காட்டுங்கள். சவர்க்காரம் மட்டும் போதாது; மஞ்சள் நகக்கண்ணில் ஒளிந்திருக்கும். எலுமிச்சைச் சாறு, அதன் தோல், எது கிடைத்தாலும் தேய்க்கவேண்டும். சட்டைக் காலரைப் பாருங்கள். புதினா மிட்டாய் ஆளுக்கு ஒன்று. அம்மா கேட்டால் தே ஓ லிமாவ் குடித்தோம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் இரண்டாவது சாப்பாடாக ரசமும் சோறும் சாப்பிடவேண்டி வரும். முகம் மாறாமல் சாப்பிடுவது தனித் திறமை. பையன் உங்களைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வான்.

அம்மாவும் அன்று மத்தியானம் அலுவலகத் தோழியோடு கோழிச்சோறு சாப்பிட்டிருப்பார். அது மகளுக்குத் தெரியும். இப்படி ஆளுக்கு ஒரு ரகசியம் பங்கிட்டுக் கொடுத்த வீட்டில்தான் ராத்திரி எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாமி கும்பிடுவார்கள்.

8. மரியாதையை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று தெளிவாகக் காட்டுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் ஆளைப் பினாங்கில் சீனர், மலாய்க்காரர் எல்லாருமே "ஆனே" என்று கூப்பிடுகிறார்கள். நம்முடைய அண்ணேதான் அது. ஊர் முழுவதும் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறது. நீங்கள் அவ்வளவு இறங்கிப்போக வேண்டியதில்லை. "ஸ்ஸ்" என்று ஓசை கொடுங்கள், அல்லது மேசையைத் தட்டுங்கள். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளையாக இருந்து "என்ன சாப்பிடுறீங்க சார்?" என்று கேட்டால், அவர் அந்தப் பக்கம் போனதும் அந்தக் குரலைப் போலவே பேசிக் காட்டுங்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். "ஊர்க்காரன்" என்று ஒரு விளக்கமும் கொடுங்கள். உங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கியபோது பேசியது என்ன தமிழ் என்று பிள்ளை கேட்டால், சோறு ஆறுகிறது என்று சொல்லுங்கள்.

மேலே கற்றுத்தர விரும்பினால் அரசின் துணையும் கிடைக்கும். 2016-இல் பினாங்கு மாநிலம் ஒரு விதியை அமலாக்கியது: லக்சா, சார் குவே தியாவ் போன்ற உள்ளூர்ப் பலகாரங்களை ஒட்டுக்கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக்கூடாது. ருசி கெட்டுவிடுமாம். தட்டு கழுவலாம், அதில் ருசி இல்லை. கப்பலேறி வந்த சமையல்காரர்கள் கட்டிய ஊர் இது என்பது சுற்றுலாக் கையேட்டில் இருக்கிறது; அதைப் பிள்ளை படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனித் தம்ளர் வைத்திருப்பீர்கள். கழுவும் இடத்துக்குக் கீழே, சோப்புத் தூளுக்குப் பக்கத்தில். அதைப் பற்றி வாய் திறந்து எதுவும் சொல்லவேண்டாம். பிள்ளைகள் வெளியிலிருந்து ஓடிவந்து தாகத்துக்குத் தண்ணீர் மொள்ளும்போது எந்தத் தம்ளரை எடுப்பதில்லை என்று கவனியுங்கள். நாலு வயதுக்குள் தெரிந்திருக்கும்.

9. இன நல்லிணக்கத்தைத் திருநாள்தோறும் சாப்பிடுங்கள்.

நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங், சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பெட்டி, தீபாவளிக்கு நம் வீட்டில் திறந்த இல்லம். காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை புன்னகை. கதவு சாத்தியதும் அவர்கள் சமையலறை நாற்றம், அவர்கள் என்னத்தைப் போட்டுப் பொரித்தார்களோ என்ற சந்தேகம் எல்லாம் வரிசையாக வரட்டும். ஆரஞ்சுப் பெட்டியைப் பின்னிருக்கையில் பிள்ளைகள் மடியில் வையுங்கள்.

நம் திறந்த இல்லத்துக்கு முந்நூறு பேர் வருவார்கள் என்றால் ஐந்நூறு பேருக்குச் சொல்லுங்கள். மீதியை ராத்திரியில் கறுப்புப் பையில் கட்டும்போது பிள்ளைகளைப் பையின் வாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். அவர்கள் கை சின்னது, வசதியாக இருக்கும். நாட்டில் ஒரு நாளைக்கு 16,000 டன்னுக்கு மேல் உணவு குப்பைக்குப் போகிறது என்று திடக்கழிவு நிர்வாகத்தின் கணக்கு. மறுநாள் காலையில் அதே பிள்ளை ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டால் சும்மா விடாதீர்கள்.

10. கோழிக்கால் யாருக்கு?

கேள்வியே தேவையில்லை. ஒரு கோழிக்கு இரண்டு கால். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று மகனுக்கு. மகளுக்கு நெஞ்சுக்கறி, "அதுதான் கொழுப்பு இல்ல, ஒடம்புக்கு நல்லது." தண்ணீர் வேண்டும் என்று மகன் குரல் கொடுத்தால் மகள் எழுந்திருக்கட்டும். அவளுக்கு அடுத்த நாள் சோதனை இருந்தாலும் எழுந்திருக்கட்டும். மகனுக்கு என்ன இருந்தாலும் எழுந்திருக்கவேண்டாம்.

ஜப்பானில் 2005-இல் உணவுக் கல்விக்கென்றே ஓர் அடிப்படைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே தொடக்கப்பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டைப் பிள்ளைகளே முறை வைத்து, தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு, வகுப்பறைக்குக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள்; முடிந்ததும் அவர்களே எடுத்துவைக்கிறார்கள். பையன்களும்தான். நம் பையன் தப்பித்தான்.

இப்போது அம்மா. அவரை உட்கார விடாதீர்கள். ஒவ்வொரு தடவை நாற்காலியை இழுக்கும்போதும் ஒருவர் ஏதாவது கேட்கவேண்டும்: ஊறுகாய், இன்னொரு அப்பளம், காரம் குறைவான குழம்பு, ஸ்பூன், வேறு ஸ்பூன். தோசை நாளில் இது தானாகவே நடக்கும். கல்லுக்கும் மேசைக்கும் நடந்தபடியே இருப்பார். எல்லாரும் எழுந்து, கடைசித் தோசை கருகி, சட்னிக் கிண்ணத்தின் ஓரத்தில் காய்ந்ததைத் தண்ணீர் விட்டுச் சுழற்றி, நின்றுகொண்டே சாப்பிடுவார். பிள்ளை பார்த்துவிட்டு, "ஏம்மா கருகினத சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார்: "எனக்கு இதுதான்யா புடிக்கும்." நீங்கள் அந்த நேரம் டிவி சத்தத்தைக் கூட்டினால் போதும்.

இதற்குப் பலன் தமிழ்ப்பள்ளிக் கட்டுரை நோட்டில் வரும். 'என் தாய்' என்ற தலைப்பில், தியாகம், மெழுகுவர்த்தி எல்லாம் ஆசிரியை சொல்லிக் கொடுத்தபடி இருக்கும். நடுவில் ஒரு வரி மட்டும் பிள்ளையே எழுதியிருக்கும்: என் அம்மாவுக்கு மிகவும் பிடித்த உணவு கருகிய தோசை. நட்சத்திரம் ஒட்டி வரும். குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தம் வைத்து மாட்டுங்கள். அன்று ராத்திரி மகளைக் கூப்பிட்டுத் தோசைக் கரண்டியைக் கொடுங்கள்.

11. ஈகையைக் கேமரா முன் செய்யுங்கள்.

பிறந்தநாளன்று ஓர் அன்பு இல்லத்துக்குப் பிரியாணியும் கேக்கும் எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகள் கைகழுவி, சட்டை மாற்றி, முன்னதாகவே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். யாரென்றே தெரியாத உங்கள் மகளுக்கு அவர்கள் வாழ்த்துப் பாட்டுப் பாடவேண்டும். முதல் படத்தில் ஒரு பையன் கண் மூடியிருப்பான். இன்னொரு தடவை பாடச் சொல்லுங்கள். படம் சரியாக விழும்வரை பிரியாணி அண்டாவைத் திறக்கவேண்டாம், ஆவியில் லென்ஸ் மங்கிவிடும். திரும்பும் வழியில் மகளிடம், "பாத்தியா, நீ எவ்வளவு அதிர்ஷ்டசாலி" என்று சொல்லுங்கள். அடுத்தவர் இல்லாமை எதற்குப் பயன்படும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பெரிய அளவில் செய்ய விரும்புவோருக்குத் தைப்பூசம் இருக்கிறது. செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங் ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். வழியெங்கும் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். லட்சக்கணக்கில் உடைக்காமல் அடையாளத்துக்குச் சிலதை உடைத்து, மீதிக் காசை நல்ல காரியத்துக்குக் கொடுங்கள் என்று பயனீட்டாளர் சங்கம் வருடாவருடம் கேட்கிறது. நீங்கள் பிள்ளைக்குக் கையுறை மாட்டி எறியச் சொல்லுங்கள். மறு வாரம் சமையலுக்குத் தேங்காய்ப்பால் வாங்கும்போது விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பந்தல்களில் அன்னதானம் நடக்கும். சோறு, மீ ஹூன், மோர், சுண்டல், எல்லாம் இலவசம். எந்த இனத்தார் வந்தாலும் யாரென்று கேட்காமல் கொடுப்பார்கள். உண்மையிலேயே அழகான காட்சி அது, ஆகவே பிள்ளையை அங்கே நின்று பார்க்க விடாதீர்கள். நாலு பேரும் நாலு வரிசையில் பிரிந்து நில்லுங்கள். பொட்டலம் கட்டிக்கொண்டு மறுபடி நில்லுங்கள். பெரிய பை எடுத்துவர மறந்துவிட்டால் வாங்க ஒரு வெள்ளி ஆகும், அது ஒன்றுதான் இதில் செலவு. மலைக்கோவிலுக்கு 513 படி. பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாதென்றால் கீழேயிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

12. விருந்தோம்பல் அதிகாரம் பத்துக் குறளையும் மனப்பாடம் செய்யவையுங்கள்.

திருக்குறள் போட்டியில் கோப்பை நிச்சயம். அவன் ஒப்பித்துப் பழகிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்று, சாப்பாட்டு நேரத்தில் யார் என்று திரைச்சீலை இடுக்கில் பார்த்தால், சித்தப்பா குடும்பம். விளக்கை அணைத்துவிட்டுப் பையன் வாயைப் பொத்துங்கள். எந்தக் குறளில் நிறுத்தினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

13. பில் வரும்போது சண்டை போடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து மாமா குடும்பம் வந்திருக்கிறது. லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு. பில் மேசைக்கு வரும்வரை இருவரும் அதைக் கவனிக்காதவர்போல் பேசிக்கொண்டிருக்கவேண்டும். வந்ததும் ஒரே நேரத்தில் பாயுங்கள். "நம்ம ஊருக்கு வந்துட்டு நீங்க குடுக்குறதாவது!" "போன தடவ நீங்கதானே மச்சான்!" மணிக்கட்டைப் பிடித்து மடக்குங்கள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கட்டும். முன்பெல்லாம் பணப்பையைப் பின்பாக்கெட்டிலிருந்து எவ்வளவு மெதுவாக உருவுவது என்பதில்தான் கைத்திறன் இருந்தது. இப்போது எல்லாம் கியூஆர் குறியீடு. பயப்படவேண்டாம், "ஆப் தொறக்க மாட்டேங்குது மச்சான்" என்பது அதைவிட உறுதியான முறை. மாமா ஸ்கேன் செய்த சத்தம் கேட்டதும் ஒரு நொடி பொறுத்து, "ஆங், தொறந்துடுச்சு" என்று திரையைத் தூக்கிக் காட்டுங்கள்.

ஒருவேளை நீங்களே கொடுக்கும்படி ஆகிவிட்டால், வாசலில் எல்லாரையும் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டுக் காரில் ஏறியதும் கணக்கைத் தொடங்குங்கள். மீன் தலைக் கறியைச் சொன்னது யார்? இறால் எத்தனை தட்டு? மாமா ரெண்டாவது தடவை நண்டு கேட்டாரா இல்லையா? மனைவி ஒரு பக்கம் கூட்டட்டும், நீங்கள் சாலையைப் பார்த்தபடி ஒரு பக்கம் கூட்டுங்கள். பின்னிருக்கையில் பையன் தூங்குவதாக நினைத்திருப்பீர்கள்.

"அத்தை சாப்பிட்ட ரெண்டு பாயசத்த விட்டுட்டீங்கப்பா."